சட்டை நுனியில் துடைக்கிற லென்ஸ்

தை, மாசி வந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் ஓடாத களம் அபூர்வம். சோளத்தூசு ஒருபுறம், ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகள் கிளப்புகிற புழுதி மறுபுறம். கல்யாண முகூர்த்தங்களும் அதே மாதங்களில்தான். ஆத்தூர் ரோட்டில் டூவீலரில் போய் மண்டபத்தில் இறங்கும் போட்டோகிராபர் தம்பி முதலில் செய்வது, சட்டை நுனியால் லென்ஸை ஒரு துடை துடைப்பது.

கோடு விழுவது அங்கேதான். கல்தூசியில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7; லென்ஸ் கண்ணாடி ஏறக்குறைய 5, 6. தூசு சும்மா கிடந்தால் கீறாது, தேய்த்தால் கீறும். அதனால் துணிக்கு முன்னால் காற்று. லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய பிரஷ். அதன் பின்னும் விரல்ரேகை தெரிந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். முன்கண்ணாடியில் விழுந்த சிறு கோடு படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின்கண்ணாடிக் கோடுதான் படத்தைக் கெடுக்கும். லென்ஸ் மாற்றும்போது அதைத் திறந்தபடி மேசையில் வைக்காதீர்கள்.

ஐப்பசி மழையில் வேறு எதிரி, பூஞ்சை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் வலை பின்னிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் நான் சர்வீஸுக்குக் கொடுத்த லென்ஸ், பின்கண்ணாடியில் கோட்டோடு திரும்பி வந்தது. "கொடுக்கும்போதே இருந்தது" என்றார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நாமே போட்ட கீறலுக்கும் பூஞ்சைக்கும் வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. ஆனால் புது லென்ஸே பழுதாக வந்தாலோ, சர்வீஸில் சேதமானாலோ சட்டம் உங்கள் பக்கம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். "தொழிலுக்கு வாங்கியதற்கு வழக்குப் போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான். கல்யாணத்துக்குப் படம் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவருக்காகவே எழுதியது போன்ற பிரிவு அது.

முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் பெரம்பலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். லென்ஸைச் சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

பில்லில் லென்ஸின் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது முன்கண்ணாடி, பின்கண்ணாடி இரண்டையும் டார்ச் அடித்து செல்போனில் படம் எடுத்து, கோடு இல்லை என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் லென்ஸைக் கையிலிருந்து விடுங்கள்.