நிலவின் தொலைவும் கடல் ஓதமும்: பட்டுக்கோட்டைக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலவின் பிறையும் தொலைவும் கடல் ஓதத்தை எவ்வாறு கூட்டியும் குறைத்தும் அமைக்கின்றன என்பதை விளக்கி, 2018ஆம் ஆண்டுக் கஜா புயலின்போது பட்டுக்கோட்டைக் கடற்கரையில் அமைந்த ஓதநிலையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஓதம், அண்மைநிலை, சேய்மைநிலை, திதி, கஜா புயல்.

முன்னுரை

பட்டுக்கோட்டையை அடுத்த அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் ஆகிய ஊர்கள் ஆழங்குறைந்த பாக் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளன. இங்குக் கடலின் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் கரை தாழ்ந்த சமநிலமாதலின், சிறிய ஏற்றமும் உப்புநீரை முகத்துவாரங்களின் வழியே உள்ளே செலுத்துகிறது. வயல்களின் வடிகால்நீர் கடலில் சேர்வதையும் தாமதப்படுத்துகிறது.

தொலைவும் ஓதவிசையும்

புவியின் அருகுப்பக்கத்தையும் மறுபக்கத்தையும் நிலவு ஈர்க்கும் அளவில் உள்ள வேறுபாடே ஓதவிசையாகும். ஈர்ப்புவிசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும், ஓதவிசை மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் மாறும். நிலவின் பாதை நீள்வட்டமாதலின், அதன் அண்மைநிலை சராசரியாக 3,63,300 கி.மீ. தொலைவிலும், சேய்மைநிலை 4,05,500 கி.மீ. தொலைவிலும் அமைகின்றன. எனவே சேய்மைநிலையைவிட அண்மைநிலையில் ஈர்ப்புவிசை ஏறத்தாழ 25 விழுக்காடும், ஓதவிசை 39 விழுக்காடும் மிகுகின்றன.

சூரியனின் ஓதவிசை நிலவினதில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரு விசைகளும் இணைவதால் ஓதம் பெருகும். அரைநிலவு நாள்களில் ஒன்றையொன்று குறைப்பதால் ஓதம் சிறுக்கும். பிறைச்சுற்று 29.53 நாள், அண்மைநிலை மீளும் காலம் 27.55 நாள். ஆதலால் பௌர்ணமியும் அண்மைநிலையும் ஏறத்தாழ 413 நாள்களுக்கு ஒருமுறை நெருங்கி அமைகின்றன.

கஜா புயலின்போது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு கடந்த பின் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் பேரழிவுக்கு உள்ளாயின. அப்பொழுது வளர்பிறை அட்டமி. நவம்பர் 14 அன்றுதான் நிலவு சேய்மைநிலையில் இருந்தது. அதாவது, ஓதத்தைச் சிறுக்கச் செய்யும் இரு காரணங்களும் ஒருங்கே அமைந்திருந்தன. நவம்பர் 23 பௌர்ணமி, 26 அண்மைநிலை. புயல் பத்து நாள் பிந்தியிருப்பின், அதனால் எழும் கடற்பெருக்கு உயர்ந்த ஓதத்தின்மேல் ஏறும் வாய்ப்பு இருந்திருக்கும்.

முடிவுரை

கஜாவின் அழிவு காற்றாலும் புயல் எழுப்பிய கடற்பெருக்காலும் நேர்ந்தது. நிலவின் ஓதம் அதற்குத் துணைநிற்கவில்லை. ஆகவே அவ்வாண்டின் நீர்மட்டத்தைக் கடலேற்றத்தின் உச்ச எல்லையாகக் கொள்ளுதல் பொருந்தாது. நாட்காட்டி காட்டும் திதியால் பிறையை அறியலாம். தொலைவை அறிய இயலாது. கரையோரக் காப்புத் திட்டங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.