பழைய வண்டியும் புதிய வண்டியும்

2008-இல் அறிமுகமான யமஹா ஆர்-15 மோட்டார் சைக்கிளின் முதல் மாதிரி என்னிடம் உள்ளது. 2021-இல் வந்த நான்காம் மாதிரியை அண்மையில் ஓட்டிப் பார்த்தேன்.

காற்றை உள்ளே விடும் வால்வுகளில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பழையதில் அவற்றைத் திறக்கும் கேம் எவ்வேகத்திற்கும் ஒன்றே. புதியதில், எஞ்சின் நிமிடத்திற்கு 7,400 சுற்றை எட்டியதும் மற்றொரு கேம் பொறுப்பேற்று, வால்வுகளை மேலும் அகலத் திறக்கிறது. வண்டி புலியெனப் பாய்கிறது! ஆனால் நம் வளாகச் சாலையில் அப்பாய்ச்சலுக்கு வேலை ஏது?

என்னைக் கவர்ந்தது கிளட்சே. வேகத்தில் கியரைச் சட்டெனக் குறைத்தால், எஞ்சினின் இழுப்பால் பின்சக்கரம் துள்ளக்கூடும். புதியதில் கிளட்ச் சற்றே நழுவி அவ்விழுப்பைத் தணிக்கிறது. மலைச்சாலை இறக்கத்தில் இது உயிர்காக்கும் உதவி. வண்டி வாங்க எண்ணுவோர் வேகத்தைவிட இதனையே முதலில் நோக்குதல் நன்று.