கூடியிருக்கும்போதே வரும் பிரிவு

‘பேஸமே முச்சோ’ என்ற ஸ்பானிய மொழிக் காதல் பாட்டை எங்காவது ஒரு கலியாண வரவேற்பிலோ உணவகத்திலோ நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘எனக்கு நிறைய முத்தம் தா’ என்பது அந்தப் பெயரின் பொருள். முத்தம் என்றதும் நாம் அதை மகிழ்ச்சியான பாட்டு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் ஏக்கப் பாட்டு.

மெக்சிக்கோவின் பியானோக் கலைஞர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் 1940 அளவில் இதை எழுதினார். பொலேரோ என்ற, மெதுவாக நகரும் காதற்பாட்டு வகை. எழுதிய காலத்தில் தான் யாரையும் முத்தமிட்டதே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

பாட்டில் காதலர் இருவரும் பிரிந்திருக்கவில்லை. பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், இன்றைய இரவே கடைசி என்பதுபோல முத்தமிடச் சொல்கிறது அந்தக் குரல். பிறகு இழந்துவிடுவேனோ என்ற பயமே அதற்குக் காரணம்.

தமிழ் வாசகருக்கு இந்த மனநிலை புதிதல்ல. திருக்குறளின் 116ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை. அதன் இரண்டாம் குறளில் தலைவி சொல்வது இதுதான்: முன்பு அவர் பார்வையே இன்பமாக இருந்தது, இப்போது கூடியிருப்பதே துன்பமாகிவிட்டது, பிரிந்துவிடுவார் என்ற அச்சம் அதற்குள் புகுந்துவிட்டதால். தலைவன் இன்னும் புறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி, நாம் வாழும் லண்டனுக்கு வருவோம். 1962 ஜனவரி 1ஆம் தேதி, வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழு வாய்ப்புக்காகப் பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று. டெக்கா அவர்களை நிராகரித்தது. அதே ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, அபி ரோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. கூடத்தில் பால் மெக்கார்ட்னி இதை மறுபடி பாடினார். அந்தப் பதிவு 1995இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது.

அவர்கள் பாடியது சன்னி ஸ்கைலர் எழுதிய ஆங்கில வரிகளை. ‘நீ போய்விட்டால்’ என்ற கவலை அதிலும் உண்டு. ஆனால் ‘இதுவே கடைசி இரவு’ என்ற நினைப்பு அதில் இல்லை. அந்த இடத்தில், என்றைக்கும் என்னுடையவளாக இருப்பேன் என்று சொல் என ஒரு வாக்குறுதி கேட்கப்படுகிறது. ஸ்பானியக் குரல் வாக்குறுதி எதையும் கேட்பதில்லை. கிடைக்காது என்று அதற்குத் தெரியும். மெட்டு அதேதான், தாளம் துள்ளுகிறது, பயம் குறைந்துவிட்டது.

இந்தப் பயத்தை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. லண்டனிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். பெட்டியை இறக்கி வைக்க முன்னமே அம்மா கேட்பார்: “எப்ப திரும்பிப் போறாய்?”

அடுத்த முறை அந்தப் பாட்டை ஸ்பானிய மொழியிலேயே கேட்டுப் பாருங்கள். அம்மாவின் அந்தக் கேள்வி அதற்குள் இருக்கிறது.