இனாம் குடையும் பண்டிகைக் காலக் கப்பற் கூலியும்

கொழும்புக்குப் போகிறவருக்குச் சீட்டும் இனாம், அதன்மேல் ஒரு குடையும் இனாம் என்று ஒரு கப்பற் கம்பெனி தூத்துக்குடியில் ஆள் சேர்த்த காலம் ஒன்று உண்டு. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாகச் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு வருஷமே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதுவரை அத்துறையில் தனியரசு செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. இனாமும் குடையும் அதன் பிறகே வந்தன. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் அவ்வெள்ளைக் கம்பெனி எவருக்கேனும் குடை கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இப்பழங்கதையை எடுத்தது வீரம் பேசுவதற்காக அன்று. நம் ஏற்றுமதி வியாபாரிகள் ஆண்டுதோறும் அந்தக் குடையை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மேல்நாட்டுக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு விற்கவேண்டிய சரக்கு, ஆடி முதல் புரட்டாசிக்குள் கப்பலேறியாக வேண்டும். சீனம் முதல் நம் நாடு வரை எல்லாரும் அந்த மூன்று மாதங்களில் இடம் கேட்பதால் கூலி ஏறுகிறது. ‘பீக் சீசன் சர்சார்ஜ்’ என்ற பெயரில் தனியாக ஒரு மேற்கூலியும் விழுகிறது. இதனோடு உலக விபத்து ஏதேனும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 40 அடிப் பெட்டகம் ஒன்றின் கூலி, ட்ரூரி நிறுவனத்தின் உலகக் குறியீட்டின்படி 2019-இல் சராசரி 1,420 டாலர். கொரோனாவுக்குப் பின், 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டியது. 2023 அக்டோபரில் 1,400-க்கும் கீழே இறங்கிற்று. அவ்வருஷ முடிவில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கவே, 2024 ஜூலையில் மறுபடி 6,000 டாலரை நெருங்கிற்று.

இதில் அடி யாருக்கு? பெட்டகக் கூலி உள்ளிருக்கும் சரக்கின் விலையைப் பார்ப்பதில்லை. கைப்பேசி ஏற்றுகிறவருக்கு ஆயிரம் டாலர் ஏற்றம் ஒரு பொருட்டன்று. தாமிரபருணி எட்டாத மானாவாரி நிலத்தில் விளைந்து, ‘திருநெல்வேலிச் சென்னா’ என்று உலக மருந்துக் கடைகளில் பெயர் பெற்ற நிலாவாரை இலை எப்படி? இடத்தை அடைக்கும்; விலையோ சொற்பம். இலையை எவ்வளவு அழுத்திப் பொதி கட்டினாலும் கூலியேற்றம் அதன் லாபத்தை விழுங்கிவிடும். கூலி ஏறினால் விளைவித்தவனுக்குக் கொடுக்கும் விலையில்தான் கை வைப்பார்கள். 1986-இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்தாலும், நெல்லைச் சீமையின் கரிசற்காட்டு விவசாயிக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் உள்ள சம்பந்தம் பிரியவில்லை. அத்துறையிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெட்டகங்கள் பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டியிருப்பதால், கொழும்பில் நெருக்கடி என்றால் நமக்கும் நெருக்கடி.

“சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு என் பொறுப்பு தீர்ந்தது, கூலி வாங்குகிறவன் பாடு” என்பார் பலர். எப்.ஓ.பி. முறையில் விற்பவர் எல்லாருக்கும் இந்த நிம்மதி உண்டு. இது பொய் நிம்மதி. கப்பலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்குகிறவனிடம் விட்டவர், கூலி ஏறிய மறுமாதமே அவன் விலையைக் குறைத்துக் கேட்கும்போது பதில் சொல்ல வகையற்றவராகிறார்.

சீனப் புத்தாண்டு கழிந்த மாசி, பங்குனி மாதங்களில் கப்பல்களில் இடம் காலியாகக் கிடப்பதுண்டு. வருஷ ஒப்பந்தம் பேச வேண்டிய காலம் அதுவே. ஆனால் அப்போதுதான் அன்றாடக் கூலி மலிந்து, ஒப்பந்தக் கூலியைவிடத் தாழ்ந்து நிற்கும். இதுவே இனாம் குடை. நூறு டாலர் மிச்சம் என்று ஒப்பந்தத்தை உதறுகிறவர், ஆவணியில் இடமே இல்லாமல் நிற்கிறார். சரக்கில் பாதிக்கு மேல் ஒப்பந்தத்திலும் மிச்சத்தை அன்றாட விலையிலும் அனுப்புவது உசிதம் என்பது நமது அபிப்பிராயம். கூலி பேசும்போது எரிபொருள் மேற்கூலி, துறைமுகக் கூலி, பெட்டகம் தங்கும் நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்க வேண்டும். தனித்தனியே கேட்டால் டிமரேஜ் வரும்போதுதான் கணக்கு விளங்கும். ஆளுக்குப் பாதிப் பெட்டகம் சரக்குள்ள இருவர் ஒரு பெட்டகத்தைப் பகிர்ந்துகொள்ள மறுப்பதையும் காண்கிறோம். தொழில் ரகசியம் போய்விடுமாம்! பக்கத்துக் கடைக்காரன் எங்கே அனுப்புகிறான் என்பது ஊரறிந்த விஷயம்.

தனி மனிதர் புத்திசாலித்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவின் அயல்நாட்டு வாணிபத்தில் இந்தியக் கப்பல்கள் சுமந்த பங்கு 1987-88-இல் 40.7 சதவீதம், 2018-19-இல் சுமார் 7.8 சதவீதம். சுதேசிக் கம்பெனி கண்ட துறைமுகத்துக்கு 2011-இல் வ. உ. சி. பெயரைச் சூட்டிய சர்க்கார், அத்துறையில் நம் கொடி பறக்கும் பெட்டகக் கப்பல்களைக் கொண்டுவரும் கடனை இன்னும் தீர்க்கவில்லை. 2021-இல் இந்தியக் கப்பல்களுக்கு 1,624 கோடி ரூபாய் மானியத் திட்டம் ஒன்றை மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது. அதில் எத்தனை பெட்டகக் கப்பல்கள் தூத்துக்குடியைத் தொட்டன என்ற கேள்வியை நம் வர்த்தக சங்கங்கள் சர்க்காரிடம் எழுத்து மூலமாகக் கேட்கட்டும். பதிலை இப்பத்தியில் வெளியிட நாம் காத்திருக்கிறோம்.