லேசர்ச் சிகிச்சையின் பின் மீளும் குறும்பார்வையும் ஸ்ரெரோயிட் கண்மருந்தும்

குறும்பார்வையுடையோர் பலர் மூக்குக்கண்ணாடியைத் துறப்பதற்கு வழிவகுத்தது எக்சைமர் லேசர் ஆகும். இவ்வொளிக்கதிர் உயிருள்ள இழையத்தைச் சுடாது நுண்ணிதாகச் செதுக்கவல்லது என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இரங்கசுவாமி சீனிவாசன் 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தம் உடனாய்வாளருடன் கண்டறிந்தார். 1995 இல் அந்நாட்டரசு இதனைக் கண் சிகிச்சைக்கு அனுமதித்தது.

கண்ணின் முகப்பிலுள்ள விழிவெண்படலம் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. லேசர் அதன் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்க, விழித்திரைக்கு முன்னே விழுந்த விம்பம் திரையிலேயே விழுகின்றது. ஆயின், உடல் இச்செதுக்கலைக் காயமென்றே கொள்கின்றது. மேற்படைக் கலங்கள் பெருகிப் பள்ளத்தை நிரப்புகின்றன. அடியிலுள்ள கலங்கள் புதிய நாரிழையத்தை உண்டாக்குகின்றன. அதனாற் சிலருக்குச் சில மாதங்களிற் குறும்பார்வை ஓரளவு மீள்கின்றது. படலத்தில் மங்கலும் தோன்றலாம். உயர்ந்த குறும்பார்வையுடையோரிடத்து இது மிகுதி.

இம்மாற்றத்தைத் தணிக்கவே வைத்தியர் ஸ்ரெரோயிட் துளிமருந்தை விதிப்பர். சிலருக்கு அது பயன் தரும். எனினும், 1992 இல் இலண்டன் ஆய்வாளர் வெளியிட்ட ஒப்பீட்டாய்வில், மருந்தினாற் பெற்ற நன்மை அதனை நிறுத்தியபின் நிலைக்கவில்லை. மேலும், கண்கோளம் நீள்வதனாலோ வில்லை மாறுவதனாலோ பார்வை குறைந்திருப்பின் இம்மருந்தாற் பயனில்லை.

இனி, இதன் தீங்கை நோக்குவோம். சிலர் கண்ணில் ஸ்ரெரோயிட் சில வாரங்களிலேயே உள்ளமுக்கத்தை உயர்த்தும். வழக்கமான அமுக்கம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். அது மிகுந்தால் நோவின்றியே பார்வை நரம்பு கெடும், இதுவே குளோக்கோமா. லேசர்ச் சிகிச்சை பெற்றோர்க்கு இங்கே வேறோர் இடருமுண்டு. அமுக்கமானி விழிவெண்படலத்தை அழுத்தியே அளவிடுகின்றது. செதுக்கி மெலிந்த படலம் எளிதில் இணங்குவதால், உண்மை அமுக்கத்திலும் குறைந்த அளவே காட்டப்படும். நோய் இருக்கவும் நலமென்று மயங்க இடமுண்டாகின்றது. நெடுநாட் பாவனையால் வெண்புரையும் வரலாம்.

ஆதலின், லேசர்ச் சிகிச்சை பெற்ற அன்பர்கள் அச்செய்தியை எந்தக் கண்வைத்தியரிடமும் முதலிலேயே கூறுதல் வேண்டும். பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு மருந்துக்கடையில் மீண்டும் இத்துளியை வாங்குதல் தகாது. மருந்திடுங் காலமெல்லாம் அமுக்கத்தை அளப்பித்தல் அவசியம். வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்துதலும் நன்றன்று. மீண்ட குறும்பார்வையை மூக்குக்கண்ணாடி திருத்தும். கெட்ட நரம்பைத் திருத்தும் கண்ணாடி எதுவுமில்லை.