உங்களுக்குத் தெரியுமா? ஹேண்ட் பிரேக் இல்லாமல் கார் இல்லை!

● பிரிட்டனில் உங்கள் வீட்டு ஷெட்டிலேயே ஒரு காரைக் கட்டலாம். நம்பர் பிளேட் வாங்கி ரோட்டிலும் ஓட்டலாம். சட்டமே அனுமதிக்கிறது! ஆனால் ‘ஐவிஏ’ என்ற சோதனையில் அந்தக் கார் தேறியாக வேண்டும். 2009 முதல் இதுதான் நடைமுறை!

● ராலி கார்களில் நெட்டுக்குத்தாக நிற்குமே, நீளமான ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்? ஒரு இழுப்பில் கார் அரைவட்டம் அடிக்கும்! ஆனால் அதை மட்டும் பூட்டிக்கொண்டு சோதனைக்குப் போனால்... ஃபெயில்!

● ஏன் ஃபெயில்? நிறுத்திய காரைப் பிடித்து வைப்பது முழுக்க முழுக்க இயந்திரப் பிடியாக இருக்க வேண்டும். பிரேக் ஆயிலை நம்பக் கூடாது. காற்றழுத்தத்தை நம்பக் கூடாது. மின்சாரத்தையும் நம்பக் கூடாது!

● அப்படியானால் பட்டனைத் தொட்டதும் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்? அங்கேதான் கெட்டிக்காரத்தனம்! மோட்டார் ஒரு திருகை முறுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பிடித்து நிற்பது திருகுதான். பேட்டரியைக் கழற்றினாலும் பிடி விடாது! 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரிலேயே இது இருந்தது!

● புத்தம் புதுசு வேண்டாம், பழைய டிரம் பிரேக்கே போதும் என்கிறீர்களா? பலே! சக்கரம் உருளப் பார்த்தால் அந்த உருட்டலே பிரேக் ஷூவை டிரம்மோடு சேர்த்து இன்னும் இறுக்கும். உடும்புப் பிடி!

● 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார்! 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் இப்படித்தான் ஆசை காட்டியது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்தால் பின் ஆக்ஸிலோடு டிரம்மும் ஹேண்ட் பிரேக்கும் கைக்கு வந்துவிடும்!

● கட்டுபவர்களுக்கு ஒரு தங்கமான குறிப்பு. லீவர், கேபிள், பின் பிரேக் மூன்றையும் ஒரே காரிலிருந்து கழற்றுங்கள். லீவர் இழுக்கும் தூரமும் பிரேக் கேட்கும் தூரமும் அச்சு அசலாகப் பொருந்தும்!

● நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வேண்டுமா? வழி இருக்கிறது, அதுவும் மூன்று! டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரே கேபிள் இழுப்பையும் ஏற்பது ஒன்று. ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு குட்டிக் காலிப்பர் இன்னொன்று. மூன்றாவதுதான் அசத்தல்: டிஸ்க்கின் நடுக் குழிக்குள்ளேயே ஒரு சின்ன டிரம்! போர்ஷே 911-இல் இருப்பதும் அதுவே!

● கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லையா? மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பழைய மாடலில் ரகசியம் கேபிளில் இல்லை, பின் காலிப்பரில் இருக்கிறது. ஒரு போல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தத் திருகைத் திருப்பத் தேவை வெறும் 4 மி.மீ. ஆலன் கீ!

● இழுப்பது ஒரு லீவர். பிடிப்பது இரண்டு சக்கரம். ஒன்று இறுகி மற்றொன்று தளர்ந்தால்? நடுவில் இருக்கும் ஒரு சிறு ஈக்வலைசர் இழுப்பைச் சரிபாதியாகப் பங்கு போட்டுவிடும்!

● பிரிட்டனின் வருடாந்தரச் சோதனையான ‘எம்ஓடி’யில் ஹேண்ட் பிரேக் காட்ட வேண்டிய பலம், காரின் எடையில் 16 சதவீதம். 550 கிலோ எடையுள்ள, வீட்டில் கட்டிய கார் என்றால் வெறும் 88 கிலோ!

● ஆனால் ஒற்றைக் குழாய்ப் பிரேக் கொண்ட பழைய காருக்கு அது 25 சதவீதம்! அந்தக் குழாய் உடைந்தால் காரை நிறுத்த மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதானே!

● நீண்ட ஓட்டத்துக்குப் பின் டிஸ்க் கொதிக்கக் கொதிக்க காரை நிறுத்துகிறீர்கள். டிஸ்க் ஆறும். ஆறினால் சுருங்கும். சுருங்கினால் பிடி தளரும்! சரிவில் நிறுத்தும்போது இன்னும் ஒரு ‘கிளிக்’ சேர்த்து இழுங்கள்!

● பட்டனை அழுத்தினால் விடுபடுவதுதான் நமக்குத் தெரிந்த ஹேண்ட் பிரேக். மார்கன் கார்களில் நேர் தலைகீழ்! பட்டனை அழுத்தினால் பூட்டும். லீவரைச் சற்றே இழுத்துவிட்டால் தானாகப் பாய்ந்து விடுபடும்!

● பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்திலும் இல்லை! கியர் பெட்டிக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. அதனால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் வண்டி நகர்ந்துவிடலாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்!

● ஹேண்ட் பிரேக் என்றால் பின் சக்கரம்தானே? இல்லவே இல்லை! சிட்ரோயன் 2சிவி, ஆல்ஃபாசுட், சாப் 99... மூன்றிலும் அது பிடிப்பது முன் சக்கரத்தை!

● 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் கை லீவருக்கு இரட்டை வேலை. முழுக்கப் பின்னால் இழுத்தால் பிரேக்கும் பிடிக்கும், கியரும் நியூட்ரலுக்கு வரும். முன்னால் தள்ளினால் டாப் கியர்!

● 1957-இல் வந்த லோட்டஸ் செவனை உதிரி பாகங்களாக வாங்கினால் அன்று வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி! கம்பெனி என்ன செய்தது? காரைப் ‘பிரிக்கும்’ முறையை எழுதிக் கொடுத்தது. கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தால் கார் தயார்!

● ஐ.நா. வாகன விதிப்படி, முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் ஹேண்ட் பிரேக் காரைப் பிடிக்க வேண்டும். லீவரை இழுக்கும் கைக்கும் உச்சவரம்பு உண்டு: 400 நியூட்டன். அதாவது சுமார் 40 கிலோ இழுப்பு!

● அமெரிக்க விதியோ கடிகாரத்தையும் பார்க்கிறது. அதே 20 சதவீதச் சரிவு. கார் மேல்நோக்கியும் நிற்க வேண்டும், கீழ்நோக்கியும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அசையாமல் 5 நிமிடம்!