சொல்லாமல் மங்கும் பார்வை

முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவதில் என் தாயாருக்கு எங்கள் தெருவில் இணை கிடையாது. அவருக்கு 43 வயதானபோது சோற்றில் கல் கடிபடத் தொடங்கியது. 'கவனம் எங்கே போகிறது?' என்று வீட்டில் கடிந்துகொண்டோம். அவரும் தம் கவனக்குறைவையே நொந்துகொண்டார். பிறகு ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளை அழைத்தார். நாளிதழைக் கையெட்டும் தொலைவுக்கு நீட்டிப் பிடித்தார். ஈராண்டுகளுக்குப் பிறகு, பாட்டியைக் கண் மருத்துவ முகாமுக்கு அழைத்துச் சென்ற இடத்தில் தம் கண்ணையும் காட்டினார். கண்ணாடி கிடைத்தது. மறுநாள் முதல் சோற்றில் கல் இல்லை.

இதற்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்ற அழகிய பெயருண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வுடன் இருக்கும். அருகிலுள்ள பொருளைப் பார்க்கையில் அது குவிந்து தடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த நெகிழ்வு குறைந்து, 40-ஐ ஒட்டி அருகிலுள்ளவை மங்குகின்றன. இது நோயன்று, நரை போல எல்லோருக்கும் வருவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது என்றும், அவர்களில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் கூறியது. அந்த 100 கோடியில் பெரும்பங்கு, கண்ணாடி கிடைக்காத வெள்ளெழுத்துதான்.

இதை வாசிப்பவர்களின் சிக்கல் என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். அசாமில், 40 வயதைக் கடந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018-இல் வெளியானது. கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். பறிக்கும் எடையைப் பொறுத்துக் கூலி அமையும் தொழிலில் இது வெறும் மருத்துவச் செய்தியன்று, கூலிக் கணக்கு. பூ கட்டுபவர், தையல் எந்திரத்தில் அமர்பவர், தறியில் இழை முடிபவர் என்று நம் ஊரில் கண்ணை நம்பிப் பிழைப்போர் எத்தனை பேர்! 'முன்போல வேலை ஓடவில்லை' என்று அவர்கள் வயதின் மேல் பழிபோட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். எளிய வாசிப்புக் கண்ணாடியைத் தேர்ந்து கொடுக்கக் கண் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் போதும். மகளிர் குழுக் கூட்டங்களிலேயே இதைச் செய்யலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நடைபாதைக் கடையில் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டதும் எழுத்து தெளிந்துவிடுகிறது. எனவே கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் தலைகாட்டத் தொடங்குவதும் ஏறத்தாழ இந்த வயதுக்குப் பிறகுதான். கண்ணுக்குள் சுரக்கும் திரவம் வடியும் வழி தடைபட்டால் உள்ளழுத்தம் கூடுகிறது. பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. முதலில் பறிபோவது பார்வையின் ஓரங்கள். நடுப்பார்வை தெளிவாகவே இருக்கும். வலியும் பெரும்பாலும் இராது. ஒரு கண் இழப்பதை மறு கண் ஈடுசெய்யும். எஞ்சிய இடைவெளியை மூளை நிரப்பிக்கொள்ளும். பல் வலித்தால் இரவே மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். கண்ணோ தன் பெருங்குறைகளை முறையிடாமல் மறைத்துவிடுகிறது. அழிந்த நரம்பை மீட்க இன்றுவரை வழியில்லை.

என் பெரியப்பாவுக்கு இந்நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டது. சொட்டு மருந்து தரப்பட்டது. நான்கு மாதம் போட்டுவிட்டு, 'பார்வை ஒன்றும் கூடவில்லையே' என்று நிறுத்திவிட்டார். இந்த மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும், அதற்காக வாழ்நாள் முழுவதும் போட வேண்டும் என்பதை யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. பின்னாளில் வாசற்படியில் இடறி விழத் தொடங்கியபோதுதான் மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். இந்நோய் குடும்ப வழியாகவும் வருவது. ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கண்ணைக் காட்டியாக வேண்டும்.

மருந்துக் கடையும் இதில் பொறுப்பேற்க வேண்டும். 'மெட்ராஸ் ஐ' வந்தால் பலர் கடைக்காரரிடமே சொட்டு மருந்து கேட்டு வாங்குகிறார்கள். பெரும்பாலும் வைரஸால் வரும் அந்தச் சிவப்பு, ஓரிரு வாரங்களில் தானே அடங்கக்கூடியது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பை உடனே அடக்கும் என்பதால் வீட்டில் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அதையே மருத்துவர் கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை கண்ட நகரம் சென்னை. கிளாக்கோமாவுக்கு அங்கு ராபர்ட் எலியட் வகுத்த அறுவை முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிற நாட்டு மருத்துவர்களும் கைக்கொண்டார்கள். அந்நகரின் பெயரைத் தாங்கிய கண்நோய்க்குக் கடைக்காரர் வைத்தியம் என்பது வேதனை.

சர்க்கரை நோயாளிகளின் நிலையும் இதுவே. விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கிய பின்னும் மருத்துவர் காட்டும் அட்டையின் கடைசி வரி வரை படிக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது, மாதந்தோறும் ரத்தச் சர்க்கரை பார்ப்பதைப் போலவே இன்றியமையாதது.

வாய்விட்டு முறையிட முடிந்த பெரியவர்களின் நிலையே இப்படி என்றால் சிசுவின் நிலையை எண்ணிப் பாருங்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்த நாளங்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும். 34 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த 30 நாள்களுக்குள் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும் என்பது இந்தியாவில் உள்ள வழிகாட்டுதல். அப்போது லேசர் சிகிச்சையால் காக்க முடிந்த பார்வை, சில வாரங்கள் தாழ்ந்தால் கைவிட்டுப் போகலாம். குழந்தை பிழைத்ததே பெரிது என்று ஊருக்குத் திரும்பும் பெற்றோரிடம் இதைச் சொல்வது யார்? வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண் பரிசோதனைக்குரிய தேதியைப் பெரிய எழுத்தில் குறித்துத் தருவதை எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாக்க வேண்டும்.

மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் வீடுகள் இன்னமும் உண்டு. விலகிய கண்ணிலிருந்து வரும் உருவத்தை மூளை புறக்கணித்துப் பழகிவிட்டால் அந்தக் கண் நிரந்தரமாக மந்தமாகிவிடும். நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து மந்தமான கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை ஏழெட்டு வயதுக்குள் நன்கு பலனளிக்கும்; அதன் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும்.

பள்ளிப் பருவத்துக் கிட்டப்பார்வையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். கண்ணருகே வைத்துப் பார்ப்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஆய்வுகள் உறுதியாகக் காட்டுவது வேறொன்று. பகல் வெளிச்சத்தில் கூடுதல் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது. அந்த வெளிச்சத்தைத் தரக்கூடிய விளையாட்டுப் பாடவேளையைத்தான் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறார்! கண்ணாடி அணிந்தால் 'பவர்' ஏறும் என்பதும், பெண்பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதும் இன்னும் ஒழியவில்லை. பள்ளியில் இலவசமாகத் தரப்பட்ட கண்ணாடி புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து உடைவதற்கு இவையே காரணம்.

முதுமையில் வரும் கண்புரைக்கு மட்டும்தான் அஞ்ச வேண்டியதில்லை. 1976-இல் மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் அங்கமாக 1992-இல் உருவான ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் தயாரித்த செயற்கை வில்லைகளும், ஏழைக்கும் இந்த அறுவை சிகிச்சையை எட்டச் செய்தன. 'புரை முற்றட்டும்' என்று காத்திருந்த காலம் போய்விட்டது. அன்றாட வேலைக்கு இடையூறு என்றால் அதுவே உரிய நேரம். முற்றவிட்டால் அறுவை கடினமாகிறது. ஆனாலும் பாட்டி காத்திருக்கிறார். பேரனின் தேர்வு முடியட்டும், அறுப்பு முடியட்டும், மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கட்டும் என்று ஆண்டுகள் போகின்றன. முகாம் வாகனம் கிராமத்துக்கே வந்தாலும், உடன் செல்ல ஓர் ஆள் இன்றித் திண்ணையிலேயே அமர்ந்துவிடுகிறார்.